எழுநூறு சுற்றும் ஒரு தப்புக் கணக்கும்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒரு மாதம் சாப்பாட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எரிமலை, சொட்டுநீர்ப் பாசனம், சூரிய அடுப்பு எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகள் எடுத்துக்கொண்டு விட்டார்களாம். "ஒயரே இல்லாம டியூப்லைட் எரியணும்ப்பா" என்றாள். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு புனேயில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிற அப்பா, "இதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை.

தப்கீர் கல்லியில் 28 கேஜ் எனாமல் கம்பி, பிளம்பிங் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒரு துண்டு. அவள் குழாயைச் சுற்ற, நான் கம்பியை விரலால் நெருக்கிக்கொண்டே போக வேண்டும். அவள் மராத்தியில் எண்ணுவாள், நான் தமிழில். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நிறுத்திப் பஞ்சாயத்து. முதல் ஞாயிறு 412-வது சுற்றில் என் கட்டைவிரல் நழுவி, சுற்றிய அத்தனையும் பொலபொலவென்று அவிழ்ந்து விழுந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் 700 சுற்று, 29.5 செ.மீ. உயரத்துக்கு, பளபளவென்று. நுனிகளை அவள் அம்மாவின் நெயில் பாலிஷ் போட்டு ஒட்டினோம்.

இதன் பெயர் டெஸ்லா காயில் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அடியில் தடித்த கம்பியால் நாலு சுற்று. அதில் வேகமாக மாறும் மின்சாரத்தைக் கொடுத்தால், மேலே நிற்கும் 700 சுற்றுச் சுருளில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். பக்கத்தில் கொண்டுபோகும் டியூப்லைட் கையிலேயே எரியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தூளியை ஆட்டுவது போலத்தான் இதுவும். தூளி தானாக ஆடும் வேகத்தைப் பார்த்து, அந்த நேரத்துக்குத் தட்டினால் ஒரு விரலே போதும். நேரம் தப்பினால் இரண்டு கையாலும் தள்ளினாலும் குழந்தை முழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் முதல் கேள்வி, இந்தச் சுருள் தானாக ஆடும் அதிர்வெண் என்ன?

நான் போட்ட கணக்கு இது. ஒரு சுற்று 23.7 செ.மீ., 700 சுற்றுக்குக் கம்பி நீளம் 166 மீட்டர். அடியைத் தரையோடு இணைத்து, மேல் நுனியைச் சும்மா விட்டால், அது கால் அலை. ஆக முழு அலை 664 மீட்டர். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் 452 கிலோஹெர்ட்ஸ். அளந்தும் பார்த்தேன். சிக்னல் ஜெனரேட்டரை அடியில் கொடுத்து, ஆஸிலாஸ்கோப்பின் புரோபை மேல் நுனியில் மாட்டி, அதிர்வெண்ணை மெதுவாகத் திருகினால் 444-ல் அலை திடீரென்று திரையை விட்டு வெளியே போகிற அளவுக்கு எழுந்தது. கணக்கு 452, அளவு 444. இதற்கு மேல் என்ன வேண்டும்? 400-லிருந்து 500 வரை மட்டும் திருகக்கூடிய டிரைவர் போர்டைச் செய்து முடித்தேன்.

டியூப்லைட் எரியவில்லை.

குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகியும் எரியவில்லை. சந்தேகத்தில் புரோபை மாட்டிப் பார்த்தால் 444-ல் அலை ஜம்மென்று நிற்கிறது. கழற்றினால் காயில் செத்த பிணம். ஒரு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் இதே வேலை. மகள் மூன்றாம் நாளே "சூரிய அடுப்பே செஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில்தான், இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் யார், எப்படி அளந்தார்கள் என்று பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு அல்ப சந்தோஷம் கிடைத்தது. நான் போட்ட அதே தப்புக் கணக்கை எனக்கு முன்னால் நிகோலா டெஸ்லாவே போட்டிருக்கிறார் :-)

கொஞ்சம் முன்னாலிருந்து வருவோம். மின்சாரம் இப்படி முன்னும் பின்னும் ஆடும் என்பதைக் கணக்கில் காட்டியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்ட் கெல்வின். 1853-ல். லேடன் ஜாடியில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒரு பொறியாகப் பாயும்போது, ஒரே திசையில் பாய்ந்து முடிவதில்லை, ஊசல் போல ஆடி அடங்கும் என்றார். சேமிக்கும் ஜாடி எவ்வளவு பெரிது, கம்பிச்சுற்று எவ்வளவு தடுக்கிறது என்ற இரண்டு எண் தெரிந்தால் ஆடும் வேகம் தெரியும். இன்றைக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் எல்-சி என்று படிப்பது அதுதான். 1850-களின் இறுதியில் ஜெர்மனியில் ஃபெடர்சன் என்பவர் சுழலும் கண்ணாடியில் பொறியைப் பிடித்துப் படமெடுத்தார். ஒரு பொறி என்று கண் நினைத்தது, படத்தில் வரிசையாகப் பல பொறிகளாக விரிந்தது.

ஆடுகிறது என்று தெரிந்தாயிற்று. என்ன வேகத்தில் என்று அளப்பது எப்படி? 1887-ல் கார்ல்ஸ்ரூஹேயில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸிடம் மீட்டர் எதுவும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு செவ்வகக் கம்பி வளையம், அதில் நூலிழை அளவு இடைவெளி, அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எதிரே பொறி அடிக்கும்போது இந்த வளையத்திலும் குட்டிப் பொறி தாவும். வளையத்தின் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போய், எந்த நீளத்தில் பொறி அதிக தூரம் தாவுகிறது என்று குறித்துக்கொண்டார். ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் ஒரு வளைகோடு வந்தது. நான் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்த மலையின் மூதாதை அது. அடுத்த சில வருஷங்களில் பான் நகரில் ஹெர்ட்ஸிடம் வேலை பார்த்த ஒரு நார்வே இளைஞர் அந்த வளைகோட்டின் வடிவத்தையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். பெயர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ். ஆமாம், பின்னாளில் வானிலைக் கணிப்பைக் கணித முறைக்குக் கொண்டுவந்த அதே பியர்க்னெஸ்தான்.

கவனித்தீர்களா, இதில் எதிலும் அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைத் தொடவே இல்லை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

டெஸ்லாவுக்கு வருவோம். அவர் 1897-ல் விண்ணப்பித்து 1900-ல் கிடைத்த காப்புரிமை ஒன்றில், இரண்டாம் சுருளின் கம்பி நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அலை கம்பியைப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றாக, ஒளியின் வேகத்தில் ஓடுகிறது என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்காது என்பது போல. என் 166 மீட்டர் கணக்கும் அச்சு அசல் இதே.

டெஸ்லாவுக்கு இது எப்படிப் பெரிய தொந்தரவு தராமல் போயிற்று? என் ஊகத்தைச் சொல்கிறேன். 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் கட்டிய கூடத்தில் இருந்த இரண்டாம் சுருள் சுமார் 15 மீட்டர் அகலம், உயரம் அதில் கொஞ்சம்தான். இப்படி அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும் சுருள்களுக்குக் கால் அலைக் கணக்கு தற்செயலாகக் கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது. 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், 50 சுற்று என்று ஒரு சுருளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள். என்னுடையது போல நெட்டையான சுருளில்தான் அந்தக் கணக்கு காலை வாரும். அதோடு, டெஸ்லா கணக்கோடு நிற்கிற ஆளும் இல்லை. அந்த ஏழெட்டு மாதமும் அவர் எழுதிய நாட்குறிப்பை பெல்கிரேடு அருங்காட்சியகம் 1978-ல் வெளியிட்டது. அதில் நாளுக்கு நாள் சுருள்களை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவந்து அளந்து, சுருளுக்குள் ஒளிந்திருக்கும் கெபாசிட்டன்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம். கம்பி வெறும் கம்பி இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் தனியாக எடுத்து, பொறுமையாக உட்கார்ந்து அளந்தவர் வேறொருவர். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த ஆள்.

பால் டிரூட். எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு 'டிரூட் மாடல்' என்ற பெயர் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஞாபகமாக இருக்கும். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் வாயு போல அலைகின்றன என்று 1900-ல் சொன்னவர். ஒளியின் வேகத்துக்கு நாம் எழுதும் அந்தச் சின்ன 'சி' எழுத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1900 முதல் அன்னாலன் டெர் ஃபிஸீக் இதழின் ஆசிரியர். 1905-ல் ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற கட்டுரைகள் அந்த இதழில் வந்தபோது ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

இப்படிப்பட்ட மனிதர் கீஸென் என்ற சின்ன ஊரில் பேராசிரியராக இருந்தபோது, 1902-ல், மரக்கட்டையிலும் எபோனைட்டிலும் கண்ணாடிக் குழாயிலும் கம்பி சுற்றி, ஒவ்வொரு சுருளும் எந்த அலைநீளத்தில் ஆடுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். டெஸ்லா டிரான்ஸ்ஃபார்மரை எப்படிக் கட்டுவது என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. தடித்த கம்பியால் ஒரு பொறிச்சுற்று, அதன் அலைநீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி. சோதனைச் சுருளை அதற்குப் பக்கத்தில், ரொம்ப நெருங்காமல் வைப்பார். சுருளின் நுனிக்கு அருகே காற்றைக் குறைத்து மூடிய ஒரு கண்ணாடிக் குழாய். அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குழாய் நன்றாக ஒளிரும். அதுதான் சுருளின் சொந்த அலைநீளம். என் மகள் கேட்ட டியூப்லைட்டையேதான் டிரூட் மீட்டராக வைத்திருந்தார்!

அவர் கண்டது இதுதான். சுருளின் அரை அலைநீளம் கம்பி நீளத்துக்குச் சமம் இல்லை. கம்பி நீளத்தை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் சுருளின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. குட்டைச் சுருளுக்கு ஒன்றை விடக் கூடும், நெட்டைச் சுருளுக்கு ஒன்றை விடக் குறையும். சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தும், உள்ளே இருப்பது மரமா எபோனைட்டா கண்ணாடியா என்பதைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். எந்தச் சூத்திரத்தையும் முன்கூட்டி நம்பாமல், விகிதம் வாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். கட்டுரையின் தொண்ணூறு சதவீதம் இந்தச் சலிப்பான வேலைதான். உலோகத்தின் உள்ளே எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று சொன்ன ஒருவருக்கு இதைச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. செய்தார்.

1905-ல் பெர்லின் பல்கலைக்கழக இயற்பியல் கழகத்துக்குத் தலைவராகப் போனார். 1906-ல் பிரஷ்ய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக வரவேற்றது. சில நாட்களிலேயே, ஜூலை 5-ல், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். இன்னும் ஒரு வாரத்தில் 43 வயது. காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை. மேஜையில் கிடந்த எங்கள் காயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அலை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை? எங்கள் காயிலின் உண்மையான அதிர்வெண் சுமார் 740 கிலோஹெர்ட்ஸ் என்று பிற்பாடு தெரிந்தது (எப்படி என்று கீழே சொல்கிறேன்). அலை கம்பி வழியாகவே போயிருந்தால், 166 மீட்டரைக் கடக்க ஒளியை விட 1.6 மடங்கு வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். அது நடக்காத காரியம். நடப்பது வேறு. ஒரு சுற்றில் மின்னோட்டம் எழும்போதே அதன் காந்தப்புலம் அக்கம்பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்து இழுக்கிறது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்காமல் கைப்பிடிச் சுவரில் சறுக்கும் பையன் போல, அலை சுற்றிச் சுற்றி ஓடாமல் குழாயின் நீளவாக்கில் ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் 29.5 செ.மீ. ஏறும் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 870 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. கம்பியை வைத்துக் கணக்கிட்டால் ஒளியை முந்துகிறது, குழாயை வைத்துக் கணக்கிட்டால் ஆமை. இரண்டும் ஒரே அலைதான்.

இதிலிருந்து இன்னொரு விசித்திரம் வரும். வீணைத் தந்தியை மீட்டினால் மூல சுருதியோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல் சுரங்கள் ஒழுங்காக எழும். கால் அலைச் சுருளும் ஒழுங்காக இருந்தால் அடுத்த ஒத்ததிர்வு மூன்று மடங்கில், அதாவது 2,200-க்குப் பக்கத்தில் வர வேண்டும். எனக்குக் கிடைத்தது 1,830. இரண்டரை மடங்குகூட இல்லை. அலை குட்டையாகக் குட்டையாக, தூரத்துச் சுற்றுகளின் உதவி குறைந்து வேகம் குறைகிறது, அதனால் மேல் அதிர்வெண்கள் கீழே இறங்கிவிடுகின்றன. தந்தியை விட இது தோல் வாத்தியத்துக்குச் சொந்தம். சாதாரணப் பறையின் மேல் அதிர்வெண்களும் முழு மடங்குகளில் நிற்பதில்லை. மிருதங்கத்தில் மட்டும் வலந்தலையின் கறுப்புக் கரணை அவற்றை ஒழுங்குக்கு இழுத்து வருகிறது என்பதை 1920-ல் நேச்சர் இதழில் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதியவர், கல்கத்தாவில் இருந்த நம்ம திருச்சி சி. வி. ராமன். வெளியூருக்கு வேலைக்குப் போன தமிழர் கூடவே மிருதங்கத்தையும் கொண்டு போயிருக்கிறார் பாருங்கள்.

டிரூடுக்குப் பிறகு கதை வானொலிக்காரர்கள் கைக்குப் போகிறது. அவர்களுக்கு அலை எப்படி ஏறுகிறது என்ற தத்துவமெல்லாம் வேண்டாம். ஒரு காயில், ஒரு கெபாசிட்டர், ஸ்டேஷன் கிடைக்க வேண்டும். ஆனால் கணக்குப்படி வர வேண்டிய இடத்தில் ஸ்டேஷன் வராது, கொஞ்சம் தள்ளியே வரும். காயிலுக்குள்ளேயே ஒரு குட்டி கெபாசிட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடுகிறது. தெரிந்த கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாக இணைத்து, அலைநீளத்தின் வர்க்கத்தை வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு வரும். கோட்டைப் பின்னால் நீட்டினால் அது எங்கே வெட்டுகிறதோ அதுதான் காயிலின் சொந்த கெபாசிட்டன்ஸ். எளிமையான, அழகான முறை. அமெரிக்காவில் ஜான் மில்லர் 1918-19-ல் சுருளையும் ஆன்டெனாவையும் ஒரே கணிதத்தில் அடக்கினார். 1928-ல் ஹெரால்டு வீலர், இண்டக்டன்ஸுக்கு மனப்பாடம் செய்யக்கூடிய ஒரு சின்னச் சூத்திரம் தந்தார். நானும் அதைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

அந்தக் குட்டி கெபாசிட்டர் எங்கே இருக்கிறது? பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1934-ல் பலெர்மோ என்பவர் அதை வைத்தே ஒரு சூத்திரம் போட்டார், புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 1947-ல் வயர்லெஸ் எஞ்சினியர் இதழில் ஆர். ஜி. மெட்ஹர்ஸ்ட், பல அளவுகளில் சுருள்களைச் சுற்றி அளந்து, அது சரியில்லை என்று காட்டினார். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் கெபாசிட்டன்ஸ் பெரிதாக மாறவில்லை. சுருளின் அகலமும், உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதமும் மட்டுமே போதும். மறுபடி அட்டவணை! கீஸெனில் 45 வருஷம் முன்னால் ஒருவர் மரக்கட்டையில் சுற்றி அளந்து சொன்ன அதே விகிதம், வேறு வழியாக வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

மெட்ஹர்ஸ்டின் அட்டவணையில் எங்கள் காயிலைப் போட்டேன். 5.4 பிகோஃபாரட். வீலர் சூத்திரப்படி இண்டக்டன்ஸ் 8.3 மில்லிஹென்றி. இரண்டையும் கெல்வினின் பழைய கணக்கில் கொடுத்தால் 750 கிலோஹெர்ட்ஸ்.

சரி, என் 452 தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கண்ணால் பார்த்த 444?

அந்த ஞாயிறு கோவில்பட்டியில் இருக்கும் சித்தப்பாவிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். சித்தப்பா முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கேங் கண்டென்சர், பேண்ட் காயில், ஐ.எஃப்.டி. எல்லாம் பெயர் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் படிப்பின் மேலேயே ஆசை வந்தது. 455 கிலோஹெர்ட்ஸ் என்பது அந்தக் கடையில் பஸ் நம்பர் மாதிரி சகஜமான எண், ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் அதிர்வெண். 452 என்ற விடை வந்தபோது நான் சட்டென்று நம்பியதற்கு அந்தப் பழக்க தோஷமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதக் கொண்டு தொட்டுப் பாத்தே?" என்றார்.

"புரோப்தான் சித்தப்பா. நல்ல புரோப்."

"அப்ப அது காயிலோட நம்பரா, ஒன் புரோப்போட நம்பராலே?"

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. சித்தப்பா காயில்களை டியூன் செய்ய இரும்பு ஸ்குரு டிரைவரைத் தொடவே மாட்டார். மூங்கில் சீவல் ஒன்றை முனை தட்டையாகச் செதுக்கி, சட்டைப்பையில் பேனாவோடு வைத்திருப்பார். ஒருநாள் நான் அவசரத்தில் டெஸ்டரைக் கொண்டுபோனதற்குப் புறங்கையில் ஒரு அடி விழுந்தது. இரும்பு பக்கத்தில் வந்தால் காயில் மாறிவிடும், எடுத்தால் மறுபடி மாறிவிடும், நீ எதை டியூன் பண்ணினே என்று கேட்பார். எட்டாவது படிக்கும்போது தெரிந்திருந்த விஷயம்.

புரோபை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். 10 பிகோஃபாரட் என்று அதன் கழுத்திலேயே அச்சடித்திருக்கிறது. சாதாரண சர்க்யூட்டில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் காயிலின் சொத்தே 5.4 பிகோஃபாரட்தான். அதைப் போல இரண்டு பங்கை அதன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு "நீ எத்தனையில் ஆடுவாய்" என்று கேட்டிருக்கிறேன். மொத்தம் 15.4 என்று போட்டுக் கணக்கிட்டால் விடை 445. நான் அளந்தது 444. அளவில் ஒரு தப்பும் இல்லை, அளந்த பொருள்தான் வேறு. கம்பி நீளத்தை வைத்துப் போட்ட தப்புக் கணக்கும், புரோபை மாட்டி எடுத்த தப்பு அளவும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து விழுந்ததுதான் என் கெட்ட காலம். இரண்டில் ஒன்று 500-லோ 600-லோ வந்திருந்தால் அன்றைக்கே முழித்துக்கொண்டிருப்பேன்.

அன்று ராத்திரியே மறுபடி அளந்தோம். காயிலின் அடி நுனியைத் தரையோடு இணைத்து, அடியில் இரண்டு சுற்று வளையத்தை ஒட்டாமல் தள்ளி வைத்து அதில் சிக்னல் கொடுத்தோம். புரோபை மேல் நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி ஸ்டாண்டில் தொங்கவிட்டோம், எதையும் தொடாமல். அலை இப்போது ரொம்பச் சின்னது, மில்லிவோல்ட் கணக்கில். 738-ல் உச்சி. மகள் கையை நீட்டிக் காயில் பக்கத்தில் கொண்டு போனால் உச்சி கீழே நழுவும், கையை எடுத்தால் திரும்ப வரும். அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். டிரைவர் போர்டின் இரண்டு பாகத்தை மாற்றி 650-லிருந்து 800 வரை வரும்படி செய்து, குமிழைத் திருகினாள். கையிலிருந்த பழைய டியூப்லைட் துடித்துத் துடித்து, பிறகு நின்று எரிந்தது. நேரம் பன்னிரண்டரை. கீழ் வீட்டு மராத்திப் பாட்டி மறுநாள் லிஃப்டில், ராத்திரி என்ன சத்தம் என்று விசாரித்தார்.

கண்காட்சியன்று அரங்கில் கூட்டம். பிள்ளைகள் காயிலைச் சுற்றி நெருங்கி வந்து நின்றால் டியூப் மங்கும். "ஒரடி பின்னால போங்க" என்று மராத்தியிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு குமிழை ஒரு கையால் திருத்திக்கொண்டே இருந்தாள். பார்வையிட வந்த ஆசிரியை ஒருவர் சார்ட்டில் அதிர்வெண் என்ற இடத்தைக் காட்டி, இங்கே ஏன் இரண்டு எண் எழுதியிருக்கிறாய், ஒன்றை மட்டும் எழுது என்றாராம். இவள் '738 (யாரும் பக்கத்தில் இல்லாதபோது), 729 (நீங்கள் எல்லோரும் நிற்கும்போது)' என்று எழுதியிருந்தாள். அடிக்கச் சொன்னதை அடிக்காமல், பென்சிலால் லேசாக ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, அவர் அடுத்த மேஜைக்குப் போனதும் அழித்துவிட்டதாகச் சாயங்காலம் வந்து சொன்னாள்.